வண்டியை எங்கே விடுவது?

உள்ளி உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "சேப்பாக்கத்துல பொம்பளைப் பிள்ளைங்க டெஸ்ட் மேட்ச் நடக்கப்போவுதும்மா. நாம மூணு பேரும் போவோமா?" என்று கேட்டேன். 2024 ஜூன் மாதம், கல்லூரி திறந்த புதிது. மணிமுத்தாற்றில் சாரல் தொடங்கியிருந்தது. மூன்று பேர் என்றது அம்மா, நான், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள்.

எந்த ஊர் அணிகள் ஆடுகின்றன என்று அம்மா கேட்கவில்லை. எத்தனை நாள் ஆட்டம் என்றும் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வண்டிய எங்கட்டி விடுவ?" என்றார்.

எங்களிடம் வண்டியே கிடையாது. திருநெல்வேலியிலிருந்து ரயிலில் போவதாகத்தான் திட்டம். ஆனாலும் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின ஆண்டு ஒரு மே மாத இரவில், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிவரை அம்மா இந்த வீட்டில் தூங்காமல் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த மே விடுமுறைக்கு நானும் மகளும் வேளச்சேரியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அண்ணன் எப்படியோ சென்னை அணி ஆடும் ஐ.பி.எல். ஆட்டத்துக்கு நான்கு சீட்டு வாங்கிவிட்டார். அண்ணன், மதினி, நான், மகள். இரவு ஏழரை மணி ஆட்டத்துக்கு ஐந்து மணிக்குக் காரில் கிளம்பினோம். அண்ணா சாலையிலேயே வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. வாலாஜா சாலைப் பக்கம் திரும்ப முடியவில்லை. நிறுத்துமிட அனுமதிச்சீட்டு இல்லாத வண்டிகள் காமராஜர் சாலை வழியாகப் போய்க் கடற்கரையின் உட்புறச் சாலையில்தான் நிற்க வேண்டும் என்று காவல்துறை அறிவிப்பு வந்திருந்தது. அண்ணன் அதைப் படித்திருக்கவில்லை. திருவல்லிக்கேணிச் சந்துகளில் எங்காவது இடம் கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

பைகிராப்ட்ஸ் சாலையைச் சுற்றியுள்ள சந்துகளில் மூன்று சுற்று சுற்றினோம். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு சக்கர வண்டிகள் தோளோடு தோள் இடித்து நின்றன. கடைசியில் ஒரு சந்து முனையில் வண்டியை அணைக்காமலே நிறுத்தி, "அந்தப் பக்கம் இடம் இருக்கான்னு பாத்துட்டு வாரேன். கதவ லாக் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கிப் போனார்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஒரு காவலர் வந்து கண்ணாடியைத் தட்டினார். பின்னால் வண்டிகள் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தன. "டிரைவர் எங்கம்மா? வண்டிய எடுக்கச் சொல்லுங்க." மரியாதையாகத்தான் கேட்டார். முன் இருக்கையில் இருந்த மதினி, "இதோ வந்துருவார் சார்" என்றார். பிறகு கைப்பேசியில் அண்ணனை அழைத்தார். எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தார். காவலர் போக்குவரத்தை ஒழுங்குசெய்ய நகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். "அவர் வர்றார் சார்."

மதினியிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. 2011இல் எடுத்தது. கைப்பைக்குள் ஆதார் அட்டைக்குப் பின்னால் எப்போதும் அது இருக்கும். எனக்கும் தெரியும், மதினிக்கும் தெரியும். சாவி வண்டியிலேயே இருந்தது. பத்தடி முன்னால் நகர்த்தி ஓரம் கட்டினால் போதும். மதினி நகர்த்தவில்லை. நான் பின்னாலிருந்து, "மதினி, நீங்க எடுங்களேன்" என்றேன். "வேண்டாம்மா. ஓட்டிருவேன். பார்க்கிங் எனக்கு வராது" என்றார்.

"பார்க்கிங் உனக்கு வராது" என்பது அண்ணனின் வாக்கியம். உரிமம் எடுத்த மாதத்தில் ஒரு வணிக வளாகத்தில் பின்னால் எடுக்கும்போது தூணில் லேசாக உரசியதிலிருந்து அந்த வாக்கியம் அந்த வீட்டில் இருக்கிறது. அண்ணன் அதைக் கோபமாகச் சொன்னதே இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். விருந்தாளிகள் முன்னால், பிள்ளைகள் முன்னால், பன்னிரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டே சொல்லப்பட்ட ஒரு வாக்கியம், அன்று அந்தச் சந்து முனையில் மதினியின் குரலிலேயே வந்தது.

அண்ணன் வந்தார். கடைசியில் கடற்கரைக்கே போனோம். வண்டியை விட்டுவிட்டு, சாலையைக் கடந்து, கூட்டத்தோடு நடந்து உள்ளே போய் உட்கார்ந்தபோது ஐந்தாவது ஓவர் நடந்துகொண்டிருந்தது. ஆட்டம் முடியப் பதினொன்றரை. திரும்பிவந்தால் எங்கள் வண்டிக்கு முன்னும் பின்னும் வண்டிகள். அவற்றின் உரிமையாளர்கள் வரும்வரை முக்கால் மணிநேரம் காத்திருந்தோம். அண்ணன் வெளியே நின்று மற்ற ஆண்களோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் உள்ளே கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மகள், "அம்மா, பாத்ரூம் போகணும்" என்றாள். நானும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் இருவருமே மதியம் மூன்று மணிக்குப் பிறகு தண்ணீர் குடித்திருக்கவில்லை. பேசிவைத்துக்கொண்டு செய்ததல்ல. பதினைந்து வயதில் பேருந்தில் போகத் தொடங்கும்போதே உடம்பு கற்றுக்கொண்டுவிடுகிற கணக்கு. மகளுக்கு அது இன்னும் வந்திருக்கவில்லை. சொல்லிக்கொடுக்கலாமா வேண்டாமா என்று எனக்கு அன்று தெரியவில்லை.

மறுநாள் காலை அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆண்டு சென்னை அணியும் மெட்ரோ ரயில் நிறுவனமும் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. ஆட்டத்துக்கான சீட்டைக் காட்டினாலே மெட்ரோவில் கட்டணம் இல்லாமல் போய்வரலாம். அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் மைதானத்துக்கு நடைதான். இதை அண்ணனிடம் சொன்னபோது, "அது தெரியும். குடும்பத்தோட போகும்போது கார்தான் சேஃப்" என்றார்.

அண்ணன் நல்லவர். எங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்த முதல் ஆண் அவர்தான் எங்கள் குடும்பத்தில். ஆனால் அந்த 'சேஃப்' என்ற சொல்லைப் பல நாள் யோசித்தேன். எங்கள் பாதுகாப்புக்காகக் கார். கார் என்பதால் இடம் தேடவேண்டும். இடம் தேடுவதற்காக எங்களை நடுச்சந்தில் பூட்டிவைத்துவிட்டுப் போகவேண்டும். தனியாக வந்திருந்தால் அண்ணன் ஆறு மணிக்கே மெட்ரோவில் இறங்கி, டீ குடித்துவிட்டு, டாஸ் போடுவதைப் பார்த்திருப்பார்.

இதே மைதானத்துக்கு என் அப்பா 1988 ஜனவரியில் போயிருக்கிறார். பொங்கல் சமயத்து டெஸ்ட். மேற்கிந்தியத் தீவு அணிக்கு எதிராக நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்த ஆட்டம். மணிமுத்தாறு அணைக்கட்டுக் குடியிருப்பிலிருந்து அப்பாவும் அவரோடு வேலைபார்த்த மூன்று மாமாக்களும் கிளம்பினார்கள். திருநெல்வேலியிலிருந்து திருவள்ளுவர் பஸ். கையில் ஆளுக்கொரு ரெக்சின் பை. சென்னையில் எங்கே தங்குவது என்ற கேள்வியே எழவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் அறையில் தரையில் நான்கு பாய் விரித்தால் முடிந்தது. காலையில் பக்கத்து மெஸ்ஸில் இட்லி. பிறகு மைதானத்துக்கு நடை.

சேப்பாக்கம் மைதானத்தைச் சுற்றியிருக்கும் அந்தத் திருவல்லிக்கேணி, தென்மாவட்ட ஆண்களுக்கு எப்படியெல்லாம் கைகொடுத்திருக்கிறது என்று அப்பாவின் கதைகளிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். வேலைதேடி வந்தவர்கள், போட்டித்தேர்வுக்குப் படித்தவர்கள், சினிமாவுக்கு வந்தவர்கள், பத்திரிகைக்கு வந்தவர்கள். எல்லாருக்கும் அங்கே ஒரு மேன்ஷன் அறை, ஒரு மெஸ், ஒரு டீக்கடை, ஒரு ஊர்க்காரர். அந்த மேன்ஷன்கள் ஆண்களுக்கானவை. ஊரிலிருந்து ஒரு பெண் ஆட்டம் பார்க்க வந்தால் அவளுக்குத் தரையில் விரிக்க அங்கே ஒரு பாய் கிடையாது. ஆட்டம் பார்ப்பதை ஆண்களின் இயல்பு என்று சொல்வார்கள். அந்த இயல்புக்கு அடியில் இத்தனை படுக்கையும் இட்லியும் இருந்தன.

அம்மா அன்று நான்கு பேருக்கும் புளியோதரை கட்டிக்கொடுத்தார். அம்மாவுக்கு ஆட்டம் தெரியும். 1986 செப்டம்பரில் இதே சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் சரிசமமாக முடிந்தபோது, திண்ணையில் வானொலியைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அடுக்களையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கடைசி ஓவரில் மணிந்தர் சிங் அவுட் ஆனதும் திண்ணையில் எல்லோரும் கத்தினார்கள். "எல்பிடபிள்யூவா?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டதும் அவர்கள் திரும்பிப் பார்த்ததும் ஏழு வயதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வானொலியின் தமிழ் வர்ணனையாளர்களில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் பேசினால் அம்மா அம்மியை நிறுத்திவிடுவார். 1988இல் அப்பா கிளம்பும்போது, நீயும் வருகிறாயா என்று அவரை யாரும் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. எங்கே தங்குவது?

நான் தமிழ் படித்தவள். வகுப்பில் பாலைத்திணை நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு சொல்லில் வந்து நிற்பேன். 'செலவு'. பழந்தமிழில் செலவு என்றால் போதல், பயணம். அந்தச் செலவு தலைவனுக்கு உரியது. பொருளுக்காகவும் போருக்காகவும் கல்விக்காகவும் அவன் போகிறான். போகாமல் தயங்கினால் அதற்கும் ஒரு துறை உண்டு, செலவழுங்கல். பெண்ணின் பயணத்துக்கு இலக்கணம் வைத்த பெயர் உடன்போக்கு. அவள் போவதில்லை, உடன் போகிறாள். கடல்வழிப் பயணம் பெண்ணோடு வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் தனியாகவே சொல்லிவைத்திருக்கிறது.

ஒரு மாணவி கேட்டாள், "விறலியர் ஊர் ஊராப் போனாங்களே மேம்?" போனார்கள், பாணரோடும் சுற்றத்தோடும். "ஔவையார்?" அந்தக் கேள்விதான் முக்கியமானது. தனியே நடந்த பெண்ணாகத் தமிழ்ச் சமூகம் நினைவில் வைத்திருப்பவர் ஔவை. ஆனால் எப்படிப்பட்ட ஔவை? இளமையும் அழகும் இருந்தால் ஊர் சுற்ற விடமாட்டார்கள் என்று பிள்ளையாரிடம் வேண்டி முதுமையை வாங்கிக்கொண்டவர். சங்கப் பாடல்களில் வரும் ஔவை கிழவி அல்லர். பிற்காலக் கதைதான் அவர் கையில் கோலைக் கொடுத்தது. ஒரு பெண் தனியாகப் பாதையில் நடக்க வேண்டுமானால் முதலில் அவள் கிழவியாக வேண்டும் என்று நம் கதை விதித்திருக்கிறது. இதைச் சொன்னபோது வகுப்பில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

அந்த வகுப்பில் இரண்டு பேர் நன்றாகப் பந்து வீசுவார்கள். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியதிலிருந்து எங்கள் மாவட்டத்தில், தாழையூத்து சங்கர் நகர் மைதானத்தில், ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. அஸ்வின், தினேஷ் கார்த்திக் போன்றவர்கள் ஆடும் போட்டி. பார்த்திருக்கிறீர்களா என்று இருவரையும் கேட்டேன். இல்லை. மணிமுத்தாறு, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து அந்த மைதானத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இரவு ஆட்டம் முடியப் பதினொன்று ஆகிவிடும். "அண்ணன் பைக்குல ஒருத்தருக்குத்தான் எடம் மேம். அவன் ஃப்ரெண்டு போயிருவான்."

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தத் திட்டம் எங்கள் பகுதியில் என்ன செய்திருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். பீடி சுற்றும் அக்காக்கள் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிப்போடாமல் போகிறார்கள். மாணவிகள் நூலகத்தில் ஒரு மணிநேரம் கூடுதலாக இருக்கிறார்கள், கையில் காசு இல்லை என்ற காரணத்தால் யாரும் சீக்கிரம் கிளம்புவதில்லை. காசு ஒரு பூட்டு. அது திறந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு பூட்டு இருக்கிறது, நேரம். பேருந்து இருக்கும் நேரத்துக்குள் முடிகிற வாழ்க்கைதான் இலவசம். இரவு பதினொரு மணி எங்கள் ஊர்ப் பெண்களின் கால அட்டவணையில் இன்னும் அச்சாகவில்லை.

உலகத்தில் பெரிய பூட்டுகளும் இருக்கின்றன. ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு சுமார் நாற்பது ஆண்டுகள் பெண்கள் ஆண்களின் கால்பந்தாட்டத்தை மைதானத்தில் பார்க்க முடியாது. 2019இல் சஹார் கொதயாரி என்ற இளம்பெண் ஆண்வேடத்தில் நுழைய முயன்று பிடிபட்டார். சிறைத்தண்டனை வரும் என்று அஞ்சி நீதிமன்ற வாசலிலேயே தன்னை மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதம் தெஹ்ரான் ஆசாதி அரங்கில் கம்போடியாவுடன் நடந்த ஆட்டத்துக்குப் பெண்கள் சீட்டு வாங்கி உள்ளே போனார்கள். அமெரிக்காவில் வேறு வழி. அங்கே பேஸ்பால் மைதானங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே 'பெண்கள் நாள்' என்று வைத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தை நடத்தும் எம்.சி.சி. கழகம் 1998இல்தான் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க வாக்களித்தது.

நம் ஊரில் எந்தச் சட்டமும் பெண்ணை மைதான வாசலில் நிறுத்தவில்லை. வாசல்வரை வருவதுதான் விஷயம். தடை என்று ஒன்று இருந்தால் அதை எதிர்த்துப் பதாகை பிடிக்கலாம். "வண்டிய எங்க விடுவ? எங்க தங்குவ? எப்பிடித் திரும்புவ? யாரு கூட வாரா?" என்று அன்போடு கேட்கப்படும் நான்கு கேள்விகளை எதிர்த்து எப்படிப் பதாகை பிடிப்பது? பதில்தான் சொல்லவேண்டும். ஒவ்வொன்றாக.

அம்மாவிடம் பதில் சொன்னேன். வியாழன் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ். விடிகாலை தாம்பரத்தில் இறங்கி வேளச்சேரி. பகல் ஆட்டம், காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலையில் முடிந்துவிடும். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில். அப்போது கடற்கரை நிலையம்வரை அது ஓடவில்லை. பாதை வேலை நடந்ததால் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிடும். ஆனால் சேப்பாக்கம் அதற்கு முந்தின நிலையம். எங்களுக்கு அது போதும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, ரெண்டு நாளைக்கு மாவு ஆட்டி வச்சிருதேன்" என்றார். வீட்டில் இருக்கப்போகிறவர்களுக்கான மாவு. சம்மதம் என்பதன் எங்கள் வீட்டு வடிவம் அதுதான்.

வெள்ளிக்கிழமை, ஜூன் 28. அண்ணன் வேலை விஷயமாகப் பெங்களூர் போயிருந்தார். தொலைபேசியில், "நான் வந்தபிறகு ஞாயித்துக்கெழம போகலாமே. நீங்க மட்டும் தனியாவா போறீங்க?" என்று கேட்டார். நான்கு பேர் போகிறோம், மதினியும் விடுப்பு எடுத்திருந்தார். நான்கு பெண்கள் சேர்ந்து போவதற்கும் தமிழில் 'தனியாக' என்றுதான் பெயர்.

மழை வரும்போல இருந்தது. வீட்டிலிருந்து வேளச்சேரி நிலையம் இரண்டு கிலோமீட்டர். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆட்டோ பிடிக்கலாம் என்று நான் செயலியைத் திறந்தேன். மதினி சாவி மாட்டியிருக்கும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கார எடுத்துட்டுப் போயி ஸ்டேஷன்ல விட்டுருவோமா?" என்றார். எங்களிடம் கேட்டதுபோல் இல்லை.

அம்மா முன்னால் ஏறி உட்கார்ந்தார். அந்த இரண்டு கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. நிலையத்தின் நிறுத்துமிடத்தில் நிறைய இடம் இருந்தது. இருந்தாலும் மதினி ஒரு தூணுக்கும் இன்னொரு வண்டிக்கும் நடுவில்தான் போய் நின்றார். சீட்டுக் கொடுக்கிறவர் ஓடிவந்து, "லெஃப்ட்ல ஒடிங்க மேடம், ஒடிங்க, ஒடிங்க" என்றார். மதினி கண்ணாடியை இறக்கி, "நீங்க சொல்லாதீங்க அண்ணே. நானே பாத்துக்கிடுதேன்" என்றார். சென்னையில் இருபது வருடம் இருந்தும் அந்த நேரத்தில் அவருக்கு நெல்லைத் தமிழ் வந்தது. முதல் தடவை கோணல். இரண்டாவது தடவை இன்னும் கோணல். மூன்றாவது தடவை வண்டி நேராக நின்றது. மதினி அணைத்துவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா, "நல்லாத்தான விட்டிருக்க" என்றார். அவ்வளவுதான். நாங்கள் இறங்கினோம்.

பறக்கும் ரயில் நிலையத்தின் அகன்ற கூடத்தில் நடக்கும்போது மதினி சொன்னார், "இதே ராத்திரி பத்தரைக்கு வந்து எறங்குனா பயமாத்தான் இருக்கும்." உண்மைதான். நாங்கள் தைரியசாலிகளாக மாறிவிடவில்லை. பகல் வெளிச்சம் எங்களோடு வந்தது, அவ்வளவே. ரயிலில் அம்மா பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தார். இந்திரா நகர், கோட்டூர்புரம், மந்தைவெளி. முண்டகக்கண்ணி அம்மன் கோவில் நிலையம் வந்ததும் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். திருவல்லிக்கேணி வந்தபோது, "ஒங்கப்பா தங்குன எடம் இதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த நிலையத்தில் இறங்கினோம்.

அரங்கில் இடம் தாராளமாக இருந்தது. நாங்கள் உட்கார்ந்தபோது ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. ஷபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருவரும் பிரியவே இல்லை. 292 ரன் சேர்த்தார்கள். பெண்கள் டெஸ்டில் முதல் விக்கெட்டுக்கு அதற்குமுன் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. ஸ்மிருதி 149இல் அவுட் ஆனார். ஷபாலி 205. அன்று மாலை இந்தியா 4 விக்கெட்டுக்கு 525.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?" என்று அம்மா கேட்டார். "இருபது ஆச்சி" என்றாள் மகள். ஷபாலியின் கதையையும் அவளே சொன்னாள். ஹரியானாவின் ரோத்தக்கில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் பயிற்சியிடம் கிடைக்காததால், முடியை வெட்டிக்கொண்டு பையனைப்போலப் போய் ஆடிப் பழகிய பிள்ளை. அம்மா பதில் சொல்லவில்லை. ஔவை கிழவியானார், ஷபாலி பையனானார் என்று எனக்குத் தோன்றியது. ஷபாலிக்கு அது சில வருடங்களோடு முடிந்துவிட்டது என்பது நல்ல செய்தி.

உணவு இடைவேளையில் நான் அம்மாவிடம் இன்னொன்று சொன்னேன். இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் தொடரை 1976இல் மேற்கிந்தியப் பெண்களோடு ஆடினார்கள். சாந்தா ரங்கசாமி தலைவர். அந்தத் தொடரின் ஓர் ஆட்டம் சென்னையில் நடந்தது. சாந்தா ரங்கசாமி 1954இல் பிறந்தவர். அம்மாவும் 1954. 1976இல்தான் அம்மாவுக்குக் கல்யாணம்.

"நெசமாவா? எனக்கு ஆரும் சொல்லலியே" என்றார் அம்மா.

யார் சொல்லியிருக்க முடியும்? திண்ணை வானொலியை ஆண்களின் ஆட்டத்துக்குத்தான் திருகுவார்கள். அம்மா தம்ளரில் இருந்த தண்ணீரை முழுதாகக் குடித்தார். பிறகு மகளோடு எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார். நானும் மதினியும் தண்ணீர் குடித்தோம். பகல் முழுக்கக் குடித்தோம். மகளுக்கு அந்தப் பழைய கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று அன்று முடிவுசெய்தேன்.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வேளச்சேரியில் வண்டி விட்ட இடத்தில் நேராக நின்றுகொண்டிருந்தது. மதினி அதைக் கைப்பேசியில் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அண்ணன் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினார். பிறகு, "தூண்ல இடிக்கலையே?" என்று கேட்டிருந்தார். மதினி பதில் போடாமல் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார்.

அந்த டெஸ்டை நான்காம் நாள் இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. ஸ்னே ராணா முதல் இன்னிங்ஸில் எட்டு விக்கெட் எடுத்ததை நாங்கள் மணிமுத்தாறு வீட்டில் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "மேட்சு பாக்கப் போனீங்களாமே, எப்பிடி இருந்துச்சு?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா 525ஐச் சொல்லவில்லை, 205ஐயும் சொல்லவில்லை. "நெல்லை எக்ஸ்பிரசுல தாம்பரத்துல எறங்கணும். வேளச்சேரி ஸ்டேசன்ல வண்டி விட எடம் கெடக்கு. அங்கன ரயில் ஏறுனா திருவல்லிக்கேணிக்கு அடுத்தது சேப்பாக்கம். கிரவுண்டு பக்கத்துலேயே எறங்கிரலாம்" என்று வழி சொன்னார். அக்கா அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பந்து ஆடும் பேத்தி ஒருத்தி இருக்கிறாள்.

"ராத்திரி ஆட்டம்னா?" என்று கேட்டார் அக்கா.

அம்மா சற்று யோசித்தார். "அதுக்கு இன்னும் வழி பாக்கல" என்றார். "பாக்கணும்."